புள்ளியைப் பார்க்கச் சொல்வது ஏன்?

ஆப்பிள் நிறுவனத்தின் விஷன் புரோ ஹெட்செட்டை முதன்முதலாகத் தலையில் மாட்டுகிறவரிடம், படம் எதையும் காட்டுவதற்கு முன்பே அது ஒரு வேலை வாங்கிவிடும். கண்முன்னே வட்டமாகச் சில புள்ளிகள் தோன்றும். ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்து, பார்க்கும்போதே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டி எடுக்க வேண்டும். சுற்று முடிந்ததும் பின்னணி கொஞ்சம் வெளிச்சமாகும். மறுபடியும் அதே புள்ளிகள். பிறகு இன்னும் வெளிச்சம், மூன்றாவது சுற்று. அதற்கப்புறம்தான் கருவி நம் கைக்கு, சரியாகச் சொன்னால் நம் கண்ணுக்கு வரும். இதற்கு மவுஸ் தேவையில்லை. எந்தப் பொத்தானைப் பார்க்கிறோமோ அது தேர்வாகும். விரல்கள் சேர்ந்தால் கிளிக்.

இந்தப் புள்ளி வேலைக்குக் கேலிப்ரேஷன், தமிழில் அளவுத்திருத்தம் என்று பெயர். எச்டிசியின் வைவ் புரோ ஐ (2019), சோனியின் பிளேஸ்டேஷன் விஆர்2 (2023) என்று கண்ணைத் தொடரும் ஹெட்செட்டுகள் பெரும்பாலும் ஏதோ ஒரு வடிவில் இதைக் கேட்கின்றன. பலருக்கு எரிச்சலாகவும் இருக்கிறது. கண்ணுக்குச் சில சென்டிமீட்டர் தூரத்திலேயே கேமரா உட்கார்ந்திருக்கிறது. விழி திரும்புவது அதற்குத் தெள்ளத்தெளிவாகத் தெரிகிறது. பிறகும் ஏன் நம்மைக் கேட்கிறது?

ஏனென்றால், கண் எங்கே திரும்பியிருக்கிறது என்பதும் அந்தக் கண்ணுக்குரியவர் எதைப் பார்க்கிறார் என்பதும் வேறு வேறு. விழித்திரை முழுவதும் ஒரே கூர்மையோடு பார்ப்பதில்லை. அதில் மையக்குழி என்ற சின்னஞ்சிறு பள்ளம் ஒன்று இருக்கிறது. எழுத்தை வாசிக்கும் அளவுக்குக் கூர்மை அங்கேதான். கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடித்தால், நகத்தின் அகலம் சுமார் 2 டிகிரி வரும். உலகத்தில் நாம் நுட்பமாகப் பார்க்கும் பரப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். மீதியெல்லாம் மங்கல். விழி ஓயாமல் தாவித் தாவி அந்த மங்கலை மறைத்துவிடுகிறது.

சிக்கல் என்னவென்றால், மையக்குழி விழித்திரையின் நட்டநடுவில் இல்லை. காதுப் பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கியிருக்கிறது. விளைவாக, விழிக்கோளத்தின் நடு அச்சு ஒரு திசையிலும் நம் உண்மையான பார்வைக்கோடு வேறொரு திசையிலும் போகின்றன. இரண்டுக்கும் இடையே கிடைமட்டமாக 5 டிகிரி அளவில் கோணம். மேல்கீழாகவும் ஒன்றிரண்டு டிகிரி. கண் டாக்டர்கள் சின்ன டார்ச்சை அடித்து ஒளிப்பொட்டு எங்கே விழுகிறது என்று பார்ப்பார்கள், கவனித்திருப்பீர்கள். மாறுகண் இல்லாத ஒருவர் டார்ச்சையே நேராகப் பார்க்கும்போதும் அந்தப் பொட்டு பெரும்பாலும் பாவையின் (கருவிழி நடுவே உள்ள கறுப்பு வட்டத்தின்) நடுவில் விழாது. மூக்குப் பக்கம் துளி தள்ளி நிற்கும். நம்மை நேருக்கு நேர் பார்க்கிற ஒருவருடைய கண்கள், கணக்குப்படி, கொஞ்சம் வெளிப்புறமாகத்தான் திரும்பியிருக்கின்றன.

இந்தக் கோணம் எல்லாருக்கும் ஒரே அளவாக இருந்தால் தொழிற்சாலையிலேயே கழித்துவிட்டு விற்றிருப்பார்கள். ஆளுக்கு ஆள் மாறுகிறது. கண்ணின் வெளிப்புறத்தை எடுக்கும் எந்தப் படமும் மையக்குழியின் இடத்தைக் காட்டிக்கொடுக்காது. மளிகைக் கடைத் தராசைச் சரிபார்க்க முத்திரை குத்திய எடைக்கல் இருக்கிறது. கண்ணுக்கு அப்படி ஒரு கல் கிடையாது. “நான் இப்போது இந்தப் புள்ளியைப் பார்க்கிறேன்” என்று ஆள் சொல்வதுதான் இங்கே எடைக்கல். கருவி அதை நம்பி எடுத்துக்கொள்கிறது.

கேமரா பார்ப்பதென்ன என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஹெட்செட்டின் லென்ஸ் ஓரத்தில் சிறு எல்இடி விளக்குகள் அகச்சிவப்பு ஒளியை வீசுகின்றன. கண்ணுக்கு அந்த ஒளி தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அகச்சிவப்பில் இன்னொரு வசதி: நம் ஊர்க் கண்களைப் போன்ற அடர்பழுப்புக் கருவிழியில், சாதாரண வெளிச்சத்தில் பாவை எங்கே முடிகிறது என்று பிரிப்பதே கடினம். அகச்சிவப்பில் அதே பழுப்பு வெளிர்ச் சாம்பலாகிவிடும். நடுவில் பாவை மட்டும் கன்னங்கரேலென்று தனியாகத் தெரியும். அந்தக் கறுப்பு வட்டத்தின் நடுப்புள்ளியை மென்பொருள் கண்டுபிடிக்கிறது. இமைமயிரில் தீட்டிய மஸ்காராவும் அதே அளவு கறுப்பாகப் பதிவாகும் என்பதால், சில சமயம் இமைமயிரைப் பாவை என்று எண்ணி மென்பொருள் ஏமாறுவதும் உண்டு.

பாவையோடு சேர்த்து இன்னொன்றையும் கேமரா தேடுகிறது: கண்ணின் முன்புறத் தெளிபடலமான கார்னியாவின் வளைந்த பரப்பில் எல்இடி விளக்குகள் மின்னும் வெண்பொட்டுகள். கண்ணுக்குள் ஒளி நான்கு பரப்புகளில் பட்டுத் திரும்புகிறது: கார்னியாவின் முன்பக்கம், பின்பக்கம், லென்ஸின் முன்பக்கம், பின்பக்கம். இந்த நான்கு பிரதிபலிப்புகளுக்கும் செக் நாட்டு உடலியலாளர் யான் பூர்கின்யேவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஹெட்செட்டுகள் பெரும்பாலும் பயன்படுத்துவது முதலாவதை. இது புது உத்தியும் இல்லை. 1901இலேயே அமெரிக்காவில் டாட்ஜ், கிளைன் என்ற இருவர், கார்னியாவில் பட்டுத் திரும்பும் ஒளியைப் புகைப்படத் தட்டில் பதிந்து விழியசைவை அளந்தார்கள். அதற்குச் சற்று முன் எட்மண்ட் ஹியூயி செய்ததைப் படித்தால் கண் கூசும்: கண்ணை மரக்க வைத்து, அதன் மேல் பாரிஸ் சாந்தில் செய்த சிறு கிண்ணத்தை ஒட்டி, அதோடு அலுமினிய முள்ளை இணைத்து, புகைபடிந்த உருளையில் கோடு கீறவைத்தார். ஆக, புள்ளியைப் பார்ப்பதெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை.

ஒளிப்பொட்டு எதற்கு, பாவை மட்டும் போதாதா? இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. விழிக்கோளத்தின் விட்டம் சுமார் 24 மில்லிமீட்டர். அது சுழலும் மையத்திலிருந்து பாவை ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் முன்னால் இருக்கிறது. கண் 1 டிகிரி திரும்பினால் பாவை நகர்வது வெறும் 0.17 மில்லிமீட்டர். இப்போது சிரிக்கிறீர்கள், கன்னம் உயர்கிறது, ஹெட்செட் 1 மில்லிமீட்டர் மேலே போகிறது. பாவையை மட்டும் நம்பும் கருவிக்கு, உங்கள் பார்வை ஏறத்தாழ 6 டிகிரி திரும்பிவிட்டதாகத் தோன்றும். இரண்டு மீட்டர் தூரத்தில் தெரியும் திரையில் அது 20 சென்டிமீட்டருக்கு மேல். பார்ப்பது ஒரு பொத்தான், அமுங்குவது பக்கத்து வீட்டுப் பொத்தான்.

கார்னியாவின் பொட்டு கைகொடுப்பது இந்த இடத்தில். கண் திரும்பும்போது பாவை நகரும் அளவுக்கு அது நகராது. இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறும். ஹெட்செட் நழுவும்போதோ இரண்டும் கிட்டத்தட்டச் சேர்ந்தே நகர்கின்றன. தூரம் அதிகம் மாறாது. ஆகவே அந்த இடைவெளியை அளந்தால், திரும்பியது கண்ணா நழுவியது கருவியா என்று பிரித்தறியலாம். முழுக்க அல்ல. விளக்குகள் கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் நழுவலின் மிச்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். வியர்வையில் பட்டை வழுக்கி, கழற்றி மாட்டிய பிறகு குறி தப்பத் தொடங்குவது இதனால்தான்.

இந்த அளவைப் பார்வைத் திசையாக மாற்ற இரண்டு வழிகள் உண்டு. பழைய வழி, கண்ணைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ளாமல் சமன்பாட்டை மட்டும் பொருத்துவது. பொட்டுக்கும் பாவைக்கும் உள்ள இடைவெளி இவ்வளவு என்றால் திரையில் புள்ளி இங்கே என்று ஓர் இருபடிச் சமன்பாடு. கிடைமட்டத்துக்கு ஆறு எண்கள், செங்குத்துக்கு ஆறு எண்கள் தெரியாதவை. அவற்றைக் கண்டுபிடிக்கக் குறைந்தது ஆறு புள்ளிகள் வேண்டும். பிழைக்கு இடம் விட்டு ஒன்பது புள்ளிகள் காட்டுவது ஆய்வகங்களில் வழக்கம்.

இன்னொரு வழி, கண்ணை முப்பரிமாண உருவமாகவே கட்டி எழுப்புவது. விளக்குகளும் கேமராக்களும் எங்கே இருக்கின்றன என்று கருவிக்கு மில்லிமீட்டர் சுத்தமாகத் தெரியும். கார்னியா ஒரு கோளத்தின் துண்டு, ஆரம் சுமார் 7.8 மில்லிமீட்டர். ஒளி எப்படித் திரும்பும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். இவற்றை வைத்து விழியின் நடு அச்சை யாரையும் கேட்காமலே கணக்கிடலாம். மிஞ்சுவது அந்தப் பாழாய்ப்போன 5 டிகிரி மட்டும். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் கெஸ்ட்ரின், ஐசன்மன் இருவரும் 2006இல் காட்டியது இது: இரண்டு கேமராக்களும் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்குகளும் இருந்தால், ஒரே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னாலே போதும். ஒன்றே போதும் என்கிறார்கள், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எடைக்கல் எத்தனை சிறிதானாலும் ஆளிடமிருந்துதான் வந்தாக வேண்டியிருக்கிறது.

சரி, ஆள் சொல்வதை எந்த நொடியில் நம்புவது? புள்ளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவினால் கண் உடனே தாவாது. கிளம்பவே சுமார் 200 மில்லிநொடி ஆகும். பிறகு ஒரே பாய்ச்சல். பெரும்பாலும் கொஞ்சம் குறைவாகப் போய், இன்னொரு குட்டிப் பாய்ச்சலில் சரிசெய்துகொள்ளும். நொடிக்கு 120 படம் எடுக்கும் கருவி, முதலில் வந்த படங்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, விழி நிலைத்த பிறகு வந்தவற்றை வைத்துக்கொள்ளும். இமைத்த படங்களும் போகும். வைவ் புரோ ஐயில் புள்ளி தானாக நகரும், காத்திருந்து முடிவெடுப்பது கருவி. விஷன் புரோ அந்தப் பொறுப்பை விரல்களிடம் விட்டிருக்கிறது: “பார்த்தாயிற்று” என்று நீங்களே சொல்ல வேண்டும். எனக்கு இரண்டாவது முறைதான் நேர்மையானதாகப் படுகிறது.

நிலைத்த கண்ணும் உண்மையில் நிலைத்திருப்பதில்லை; நுண்ணிய அளவில் நடுங்கிக்கொண்டும் நகர்ந்துகொண்டும் இருக்கும். புள்ளி பெரிதாக இருந்தால் அதற்குள்ளேயே பார்வை மேயும். கண் மிகக் குறைவாக அலைவது எந்த வடிவத்தைப் பார்க்கும்போது என்று ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2013இல் வெளிவந்தது. வட்டத்தின் மேல் சிலுவைக் கோடும் நடுவில் குட்டிப் புள்ளியும் சேர்ந்த வடிவம் முதலிடம் பிடித்தது.

விஷன் புரோவின் மூன்று வெளிச்சச் சுற்றுகளுக்குக் காரணம் பாவை. இருட்டில் அது 8 மில்லிமீட்டர் வரை விரியும், வெளிச்சத்தில் 2 மில்லிமீட்டராகச் சுருங்கும். சுருங்கும்போது நடுப்புள்ளி அதே இடத்தில் நிற்பதில்லை, சற்றே ஒரு பக்கம் ஒதுங்கும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஒதுங்கினாலே, முன்பு சொன்ன கணக்கில், அரை டிகிரிக்கு மேல் பிழை. இருட்டுப் பின்னணியில் மட்டும் பாடம் படித்த கருவி, வெள்ளைப் பக்கத்தைத் திறந்ததும் தடுமாறும். அதனால்தான் எல்லா வெளிச்சத்திலும் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்கிறது.

எல்லா வேலைக்கும் இத்தனை துல்லியம் வேண்டுமா என்றால், வேண்டாம். பிளேஸ்டேஷன் விஆர்2 கண்ணைத் தொடர்வதன் முக்கியப் பயன், பார்க்கும் இடத்தை மட்டும் நுணுக்கமாக வரைந்து மற்ற இடங்களில் வரைகலைச் சிப்பின் உழைப்பை மிச்சம் பிடிப்பது. அங்கே ஒன்றிரண்டு டிகிரி பிசகினாலும் நுணுக்கமாக வரையும் வட்டத்தைச் சற்று அகலமாக வைத்துச் சமாளிக்கலாம், ஆட்டக்காரருக்குத் தெரியாது. கண்ணாலேயே எழுத்தைத் தொட வேண்டிய கருவிக்கு அந்தச் சலுகை இல்லை.

புள்ளியைப் பார்க்க இயலாதவர்களும் இருக்கிறார்கள். மாறுகண் உள்ளவரின் ஒரு கண் புள்ளியில் இருக்க, மற்றது வேறெங்கோ இருக்கும்; இரண்டையும் சேர்த்துக் கேட்கும் கருவி பாதிப் பொய்யை மெய்யென்று எழுதிக்கொள்ளும். ஆய்வகங்களில் ஒரு கண்ணை மறைத்து, ஒவ்வொரு கண்ணாக அளப்பார்கள். விஷன் புரோவில் ஒரு கண்ணை மட்டும் தொடரச் சொல்லும் அமைப்பு உண்டு; கண்கள் ஓயாமல் ஊசலாடும் குறை உள்ளவர்கள் கண்ணை விட்டுவிட்டுத் தலையாலோ மணிக்கட்டாலோ ஆள்காட்டி விரலாலோ சுட்டிக்கொள்ளலாம். கைக்குழந்தைகளை ஆராய்பவர்கள் புள்ளிக்குப் பதில் ஒலியெழுப்பிச் சுழலும் பொம்மைப் படத்தைக் காட்டி, குழந்தை அதைப் பார்த்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த ஊகத்தையே பெரியவர்களிடமும் பயன்படுத்தி, சடங்கே இல்லாமல் திருத்திக்கொள்ளும் முறைகள் ஆராயப்படுகின்றன. திரையில் எதுவோ நகர்ந்து, விழியும் அதே வேகத்தில் அதே பாதையில் போனால், அதைத்தான் பார்க்கிறார் என்று கொள்ளலாம். பொத்தானை அழுத்தும்போது பார்வை பொத்தானில் இருக்கும் என்றும் கொள்ளலாம். இரண்டாவது ஊகத்தில் ஓர் ஓட்டை. பழகிய கைகள் வேலையை முடிக்கும் முன்பே கண் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. விரல்கள் சேரும் நொடியில் பார்வை அடுத்த எழுத்தில் இருக்கலாம். அதைப் பாடமாக எடுத்தால் கருவி தப்பாகக் கற்கும். ஆகவே கிளிக்குக்குச் சற்று முன்னால், விழி கடைசியாக எங்கே நிலைத்திருந்தது என்று பின்னோக்கித் தேடுகிறார்கள்.