பிலடெல்பியா நிறப்புரி

பிலடெல்பியா நிறப்புரி என்பது நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோயில் காணப்படும், இயல்பைவிடக் குட்டையான 22ஆம் நிறப்புரி ஆகும். நிறப்புரி என்பது குரோமோசோமுக்கு வழங்கும் தமிழ்ப் பெயர். 9ஆம் நிறப்புரியின் நுனியும் 22ஆம் நிறப்புரியின் நுனியும் முறிந்து, ஒன்றன் துண்டு மற்றொன்றில் ஒட்டிக்கொள்வதால் இது உருவாகிறது. ஒரு குறிப்பிட்ட புற்றுநோயுடன் மாறாமல் சேர்ந்து வரும் நிறப்புரிக் குறைபாடு என முதன்முதலில் அறியப்பட்டது இதுவே. இதைத் தொடர்ந்து நடந்த ஆய்வுகளால் அந்நோயின் காரணம், அது செயல்படும் முறை, அதற்கான மருந்து ஆகிய மூன்றும் தெரியவந்தன. மனிதரைத் தாக்கும் புற்றுநோய்களில் இந்த அளவுக்குத் தெளிவாக விளங்கியவை மிகச் சிலவே.

நோயின் தன்மை

எலும்பு மச்சையில் உள்ள ஓர் இரத்தக் குருத்தணுவில் இந்நோய் தொடங்குகிறது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் இந்நோயாளிகளிடம் ஒரு லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. மண்ணீரல் வீங்கி, இடப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே கையில் தட்டுப்படும். களைப்பு, எடை குறைதல், இரவில் வியர்த்தல், கொஞ்சம் உண்டதுமே வயிறு நிறைந்துவிட்டது போன்ற உணர்வு ஆகியவை வழக்கமான அறிகுறிகள். எந்த அறிகுறியும் இல்லாத ஒருவருக்கு, வேறு காரணத்துக்காகச் செய்த இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியவருவதும் அரிதன்று.

ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. மேலை நாடுகளில் நோயாளிகள் பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டியவர்கள். இந்திய மருத்துவமனைகளின் பதிவுகளிலோ முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் உள்ளவர்கள் மிகுதியாக உள்ளனர். எனவே குடும்பத்தைத் தாங்கும் வயதில், குழந்தை பெறும் வயதில் உள்ளவர்களின் நோயாகவே இது இந்தியாவில் பல நேரங்களில் அமைகிறது.

சிகிச்சை இல்லாவிடில் நோய் சில ஆண்டுகள் மெதுவாக இருந்து, பின் வேகம் பிடித்து, இறுதியில் முதிராத அணுக்கள் இரத்தத்தை நிரப்பும் கடுமையான கட்டத்தை அடையும். அந்தக் கட்டத்தில் நோயாளி சில மாதங்களே உயிர்வாழ்வார். 19ஆம் நூற்றாண்டில் ஆர்செனிக் கரைசலும், 1950களில் இருந்து புசல்பான், அடுத்து ஐட்ராக்சியூரியா, பின்னர் இண்டர்பெரான் ஆகியவையும் கொடுக்கப்பட்டன. முதல் மூன்றும் அணுக்களின் எண்ணிக்கையைக் குறைத்தனவே தவிர நோயின் போக்கைப் பெரிதாக மாற்றவில்லை. எலும்பு மச்சை மாற்று சிகிச்சை சிலரைக் குணப்படுத்தியது. ஆனால் பொருத்தமான கொடையாளி கிடைக்க வேண்டும், சிகிச்சையே உயிரைப் பறிக்கவும் கூடும்.

கண்டுபிடிப்பு

1960ஆம் ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் நோவெல், பிலடெல்பியாவின் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் அங்கர்போர்டு ஆகிய இருவரும் இந்நோயாளிகளின் அணுக்களில் மிகச் சிறிய நிறப்புரி ஒன்று இருப்பதை அறிவித்தனர். கண்ணாடித் தகட்டில் இருந்த அணுக்களை நோவெல் குழாய்த் தண்ணீரில் அலசியது இதற்கு வழிவகுத்தது. உப்பற்ற நீர் உள்ளே புகுந்ததால் அணுக்கள் உப்பின. நிறப்புரிகள் ஒன்றன் மீது ஒன்று கிடக்காமல் பரவி, எண்ணிப் பார்க்கும்படி தெரிந்தன. அறிவியல் வரலாற்றில் 'தற்செயல்' என்று சொல்லப்படுபவற்றுள் இதையும் சேர்ப்பதுண்டு. தண்ணீர் தற்செயலாக இருக்கலாம். தெரிந்ததை விடாமல் பின்தொடர்ந்தது தற்செயல் அன்று.

அந்தச் சிறிய நிறப்புரியில் ஒரு துண்டு தொலைந்துவிட்டது என்றே பத்தாண்டுகளுக்கு மேல் கருதப்பட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேனட் ரௌலி, நிறப்புரிகளில் பட்டைகள் தெரியுமாறு சாயமேற்றும் புதிய முறையைப் பயன்படுத்தினார். நிறப்புரிகளின் ஒளிப்படங்களைக் கத்தரித்து, வீட்டின் உணவு மேசையில் இணை இணையாக அடுக்கிப் பார்த்தபோது, 22ஆம் நிறப்புரி குட்டையாக இருந்த அதே அணுக்களில் 9ஆம் நிறப்புரி சற்று நீண்டிருந்தது தெரிந்தது. துண்டு தொலையவில்லை, இடம் மாறியிருந்தது. 1973இல் வெளியான இம்முடிவு, நிறப்புரி மாற்றங்கள் புற்றுநோயின் விளைவுகள் மட்டுமே என்ற அன்றைய பரவலான கருத்தை அசைத்தது.

இணைந்த மரபணு செய்வது

1980களில் முறிவு நிகழும் இடங்கள் துல்லியமாக அறியப்பட்டன. 9ஆம் நிறப்புரியில் உள்ள ஏபிஎல் என்ற மரபணு, 22ஆம் நிறப்புரியில் உள்ள பிசிஆர் என்ற மரபணுவுடன் இணைந்துவிடுகிறது. (இந்த பிசிஆர் மரபணுவுக்கும், கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழக்கமான பிசிஆர் பரிசோதனைக்கும் தொடர்பில்லை. தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றுபோல் தோன்றுகின்றன.) இவ்வாறு உருவாகும் பிசிஆர்-ஏபிஎல் என்னும் ஒட்டு மரபணு, நலமான உடலில் இல்லாத ஒரு புரதத்தை உண்டாக்குகிறது.

ஏபிஎல் புரதம் ஒரு கைனேசு நொதி. ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டு ஒன்றை எடுத்து மற்றப் புரதங்களில் ஒட்டுவது அதன் வேலை. 'வளர்', 'பிரி' என்பன போன்ற கட்டளைகள் அணுவுக்குள் இப்படித்தான் கைமாறுகின்றன. இயல்பான ஏபிஎல் புரதத்தின் முனையில் ஒரு சிறு கொழுப்பு அமிலப் பகுதி உண்டு. அது அப்புரதத்திலேயே உள்ள ஒரு பள்ளத்தில் மடங்கி உட்கார்ந்து, தேவையற்ற நேரத்தில் நொதியை அடக்கி வைக்கிறது. கதவின் தாழ்ப்பாளைப் போன்றது. நிறப்புரிகள் மாறி ஒட்டும்போது இந்த முனை வெட்டுப்பட்டுப் போகிறது. அதன் இடத்தில் வரும் பிசிஆர் பகுதி, இத்தகைய புரதங்களை ஒன்றோடொன்று சேர்த்து அவை ஒன்றையொன்று தூண்டச் செய்கிறது. விளைவாக நொதி ஓய்வின்றி இயங்குகிறது. அணுக்கள் நிற்காமல் பிரிகின்றன.

இதுவே நோய்க்குக் காரணமா, உடன் வரும் அடையாளம் மட்டுமா என்ற ஐயம் 1990இல் தீர்ந்தது. ஜார்ஜ் டேலி, டேவிட் பால்டிமோர் முதலியோர் இந்த ஒட்டு மரபணுவை எலிகளின் எலும்பு மச்சையில் செலுத்தியபோது, எலிகளுக்கு இதே போன்ற இரத்தப் புற்றுநோய் வந்தது.

நிறப்புரிகள் முறிவது ஏன்

உறுதியாக அறியப்பட்ட புறக்காரணி கதிர்வீச்சு மட்டுமே. 1945இல் அணுகுண்டுக்குத் தப்பிப் பிழைத்த இரோசிமா, நாகசாகி மக்களிடையே இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் பெரும்பாலான நோயாளிகளிடம் அத்தகைய காரணம் எதுவும் இல்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இது வருவதில்லை. உணவுப் பழக்கத்தையோ வாழ்க்கை முறையையோ குற்றம் சொல்லவும் இடமில்லை. 1990களில் நடந்த ஆய்வுகளில், நலமாக உள்ள சிலரின் இரத்தத்திலும் பிசிஆர்-ஏபிஎல் மிக நுண்ணிய அளவில் கண்டறியப்பட்டது. எனவே மாறி ஒட்டுதல் எப்போதாவது நிகழ்ந்தாலும், அது நீண்டகாலம் வாழும் ஒரு குருத்தணுவில் நிகழ்ந்தால்தான் நோயாக முற்றும் எனக் கருதப்படுகிறது.

இமாட்டினிப்

காரணம் ஒரே ஒரு நொதி என்றால் அதை மட்டும் நிறுத்தினால் போதுமே என்ற எண்ணம் எளிமையானது. ஆனால் உடலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைனேசுகள் உள்ளன; எல்லாமே ஏடிபியைப் பிடிக்கும் பள்ளம் கொண்டவை. அப்பள்ளத்தை அடைக்கும் மருந்து மற்றவற்றையும் அடைத்து நோயாளிக்கே நஞ்சாகும் என்று பலர் நினைத்தனர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருந்த சீபா-கெய்கி நிறுவனத்தில் நிக்கோலசு லைடன், அலெக்சு மாட்டர், யூர்க் சிம்மர்மன் ஆகியோர், சில கைனேசுகளை மட்டும் தேர்ந்து தடுக்கும் சேர்மங்களை உருவாக்கினர். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் பணியாற்றிய மருத்துவர் பிரையன் டிரக்கர் அவற்றைச் சோதித்து, ஒன்று லுகேமியா அணுக்களைக் கொன்று இயல்பான அணுக்களைப் பெரும்பாலும் விட்டுவைப்பதை 1996இல் காட்டினார். அதுவே பின்னர் இமாட்டினிப் எனப் பெயர் பெற்றது.

மனிதரிடையேயான முதல் சோதனை 1998இல் தொடங்கியது. இண்டர்பெரான் பலனளிக்காதவர்களில் நாளுக்கு 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. 2001 மே மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், வீட்டிலேயே விழுங்கும் மாத்திரை. ஐரிசு எனப்படும் பெரிய சோதனையில் இமாட்டினிப் பெற்ற பிரிவினரில் ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் பத்தாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர்.

இம்மருந்தின் பயன் அதைத் தவறாமல் உட்கொள்வதைப் பொறுத்தது. இலண்டனில் 87 நோயாளிகளை வைத்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், பத்தில் ஒரு பங்கு வேளைகளைக்கூடத் தவறவிடாதவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் ஆறு ஆண்டுகளில் நல்ல மூலக்கூறு நிலையை அடைந்தனர். அதற்கு மேல் தவறவிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூட அடையவில்லை. உடல் நன்றாக இருக்கிறது என்று மாதத்துக்கு நான்கைந்து மாத்திரைகளை விட்டுவிடுவது சிறு விசயம் அன்று.

காப்புரிமை வழக்கு

ஒவ்வொரு நாளும், ஆண்டுக்கணக்கில் உண்ண வேண்டிய மாத்திரையின் விலையும் நோயாளிக்கு உயிர்ப் பிரச்சினையே. சீபா-கெய்கி இணைந்து உருவான நோவார்ட்டிசு நிறுவனம், இமாட்டினிப் மெசிலேட்டின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரி 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. 2006 சனவரியில் அந்த அலுவலகம் கோரிக்கையை நிராகரித்தது. ஏற்கெனவே அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம் கூடுதல் மருத்துவப் பயன் தந்தாலொழிய காப்புரிமை இல்லை என்னும் 3(டி) பிரிவு நிராகரிப்புக்கான காரணங்களுள் முதன்மையானது. அப்பிரிவையே எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. இறுதியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

அக்காலத்தில் நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்றும், இந்திய நிறுவனங்களின் பொதுப்பெயர் மருந்துக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குள் ஆகும் என்றும் செய்திகள் வெளியாயின. நிறுவனம் பல நோயாளிகளுக்கு இலவசமாகவும் மருந்து வழங்கியது உண்மை. ஆயினும் இலவசத் திட்டம் கொடுப்பவரின் விருப்பத்தைச் சார்ந்தது. மலிவான மருந்து கடையில் கிடைப்பது வேறு.

மருந்துக்கு எதிர்ப்பு

இமாட்டினிப் எல்லோருக்கும் எப்போதும் பலிப்பதில்லை. 2001இலேயே சார்லசு சாயர்சு குழுவினர் இதன் காரணத்தைக் கண்டறிந்தனர். ஒட்டுப் புரதத்தின் 315ஆம் இடத்தில் உள்ள திரியோனின் என்ற அமினோ அமிலம் ஐசோலியூசினாக மாறினால், மருந்து பள்ளத்தில் பொருந்துவதில்லை. நொதி பழையபடி இயங்குகிறது. மற்றப் பிறழ்வுகள் பலவற்றை டாசாட்டினிப், நிலோட்டினிப், போசுட்டினிப் ஆகியவை சமாளித்தன. 315ஆம் இடத்து மாற்றத்தை அவற்றால் வெல்ல முடியவில்லை. போனாட்டினிப் வென்றது, ஆனால் தமனிகளில் அடைப்பை உண்டாக்குவது தெரியவந்ததால் 2013இல் அமெரிக்காவில் அதன் விற்பனை சில வாரங்கள் நிறுத்தப்பட்டு, பின் கட்டுப்பாடுகளுடன் தொடர்ந்தது.

2021இல் ஒப்புதல் பெற்ற அசிமினிப் வேறு வழியில் செல்கிறது. ஏடிபிப் பள்ளத்தை அது தொடுவதே இல்லை. நிறப்புரி முறிந்தபோது தொலைந்த தாழ்ப்பாள் உட்கார வேண்டிய அந்த இன்னொரு பள்ளத்தில் போய் அமர்ந்து நொதியை அடக்குகிறது. வேறு கைனேசுகளில் அத்தகைய பள்ளம் அரிது என்பதால் பக்கவிளைவுகளும் ஒப்பீட்டளவில் குறைவு.

இந்த வெற்றியைக் கண்டு, ஒவ்வொரு புற்றுநோய்க்கும் இப்படி ஒரு மாத்திரை விரைவில் வரும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. அது மிகையானது. தொடக்கக் கட்டத்தில் உள்ள நாட்பட்ட மைலாய்டு லுகேமியா ஏறத்தாழ ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் இயங்குகிறது. நுரையீரல், பெருங்குடல் போன்ற உறுப்புகளின் கட்டிகளிலோ பல மாற்றங்கள் சேர்ந்திருக்கும். ஒன்றைத் தடுத்தால் மற்றொன்று அதன் வேலையை எடுத்துக்கொள்ளும். இதே லுகேமியா கடுமையான கட்டத்தை அடைந்து மேலும் பிறழ்வுகளைச் சேர்த்துக்கொண்ட பின், அங்கும் இமாட்டினிப்பின் பலன் பெரும்பாலும் சில மாதங்களே நீடிக்கிறது.

மருந்தை நிறுத்துதல்

இன்றைய ஆய்வுகளில் நோயாளிகள் மிகவும் எதிர்நோக்குவது இக்கேள்வியையே. இரத்தத்தில் எஞ்சியுள்ள பிசிஆர்-ஏபிஎல் அளவைப் பாலிமரேசு தொடர்வினை மூலம் அளக்கிறார்கள். பன்னாட்டு அளவுகோலில் மூன்று மாதத்தில் 10 விழுக்காட்டுக்கும், ஓராண்டில் 0.1 விழுக்காட்டுக்கும் இறங்குவது நல்ல போக்கு. பலருக்கு அது கண்டறிய முடியாத அளவுக்கே குறைகிறது. ஆனால் மிகச் சில லுகேமியா குருத்தணுக்கள் எலும்பு மச்சையில் எஞ்சுகின்றன. அவற்றினுள் நொதி தடுக்கப்பட்டாலும் அவை சாவதில்லை என்று டிரக்கர் குழுவினர் 2011இல் காட்டினர். உயிர்வாழ அவை அந்த நொதியை நம்பியிருக்கவில்லை.

ஆகவே மருந்தை நிறுத்தினால் நோய் எல்லோருக்கும் திரும்பும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. பிரான்சில் 2010இல் வெளியான ஆய்வில், குறைந்தது இரண்டு ஆண்டுகள் நோயின் சுவடே தெரியாதிருந்தவர்கள் மருந்தை நிறுத்தினர். ஓராண்டுக்குப் பின் ஏறத்தாழ 41 விழுக்காட்டினரிடம் நோய் திரும்பவில்லை. 758 பேரைக் கொண்டு 2018இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் இரண்டு ஆண்டு முடிவில் பாதிப் பேர் மருந்தின்றி இருந்தனர். திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு அது முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே நிகழ்ந்தது. மீண்டும் மாத்திரையைத் தொடங்கியதும் ஏறத்தாழ எல்லோருக்கும் அடங்கியது. நிறுத்திய சில வாரங்களில் சிலருக்கு மூட்டு வலியும் தசை வலியும் வருகின்றன. இது நோயின் அறிகுறி அன்று, நாளடைவில் தணியும்.

இளம் பெண்களுக்கு இம்முடிவுகள் தனிப் பொருள் உடையவை. இமாட்டினிப் கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும் என்பதால் கருவுற விரும்புவோர் மருந்தை நிறுத்தியாக வேண்டும். ஆழ்ந்த தணிவை எட்டியவருக்கு அதற்கான காலம் கிடைக்கிறது. ஆனால் எவரும் தாமாக நிறுத்திப் பார்க்கும் காரியம் அன்று இது. முதல் ஆண்டில் மாதந்தோறுமோ அதை ஒட்டியோ நுண்ணளவுப் பரிசோதனை செய்து, முடிவு உடனுக்குடன் மருத்துவரின் கைக்கு வர வேண்டும். அத்தகைய ஆய்வகம் எட்டும் தூரத்தில் இல்லாத ஊர்களில் மாத்திரையைத் தொடர்வதே பாதுகாப்பானது.

மருந்தில்லாமலும் நோய் திரும்பாதவர்களிடம் என்ன நடக்கிறது என்பது இப்போது ஆராயப்படுகிறது. சிலரின் இரத்தத்தில் பிசிஆர்-ஏபிஎல் நுண்ணிய அளவில் தொடர்ந்து தென்படுகிறது; ஆனாலும் அது பெருகுவதில்லை. இயற்கைக் கொல்லி அணுக்கள் மிகுதியாக இருப்போரிடம் நோய் திரும்புவது குறைவு எனச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. எஞ்சிய குருத்தணுக்களை நோயெதிர்ப்பு மண்டலமே அடக்கி வைத்திருக்கக்கூடும் என்பது இதிலிருந்து எழும் கருதுகோள்.