சின்ன ஓட்டைதானே என்று விடாதீர்கள்!

நாகப்பட்டினம் நம்பியார் நகர், கடலூர் தேவனாம்பட்டினம் போன்ற ஊர்களின் கடற்கரையில் மணலில் கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் ஒருவர் கிரைண்டரும் கையுமாகக் குனிந்து நிற்பார். சுற்றிலும் வெள்ளைத் தூசி, மூக்கில் ஏறும் ரெசின் வாடை. அவர் அடைக்க வந்த ஓட்டை பல நேரம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுகூட இருக்காது. ஆனால் வேலை தெரிந்தவர் அதைச் சுற்றி உள்ளங்கையைவிடப் பெரிய வட்டமாகத் தேய்த்து எடுப்பார். படகுக்காரருக்கு வயிறு கலங்கும். இருந்த ஓட்டையைப் பெரிதாக்குகிறாரே என்று தோன்றும். அவர் செய்வதுதான் சரி.

கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த அந்த மிதவைக்குள் தண்ணீர் வரும், போகும். பலகைப் படகில் கசிவு வந்தால் இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்து பார்ப்பார்கள். அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய வேலை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, கட்டுமரம் கிடந்த கரைகளில் நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. அவசரத்தில் வார்த்த படகுகளும் அவற்றில் இருந்தன. படகு மாறிய வேகத்தில் அதைப் பழுது பார்க்கும் அறிவு வந்து சேரவில்லை என்பது என் வருத்தம்.

ஃபைபர் படகின் பலம் கண்ணாடி இழையில் இருக்கிறது. அந்த இழைகளைப் பிடித்து நிறுத்துவது ரெசின். வெளியே வழுவழுப்பாகத் தெரியும் நிறப் பூச்சுதான் ஜெல்கோட். ஓட்டை விழுந்த இடத்தில் இழை அறுந்திருக்கிறது. அங்கே வெறும் பட்டியை வைத்து அப்பினால் கம்பி கட்டாமல் காங்கிரீட் போட்ட கதைதான். நாலு தடவை அலையில் அடிபட்டதும் அடைத்த துண்டு பொத்தென்று கழன்று விழும். கார் டிங்கரிங்கில் பயன்படும் பட்டியைப் படகின் அடியில் பூசுகிறவர்களும் உண்டு. அது தண்ணீரை உறிஞ்சும். தண்ணீருக்குள் நிற்கும் இடத்துக்கு ஆகவே ஆகாது. கைகளால் பிசைந்து ஒட்டும் எபாக்ஸி களிம்பு நடுக்கடலில் உயிர் காக்கும். ஒவ்வொரு படகிலும் அது இருக்க வேண்டும். ஆனால் கரைக்கு வந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு முறையாக அடைக்க வேண்டும்.

ஓட்டையைச் சுற்றிலும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் சத்தம் மந்தமாக வரும். நங்கூரம் விழுந்த இடத்தில் வெளியே நட்சத்திரம் போல நாலு கீறல் மட்டும் தெரியும். உள்ளே கையகலத்துக்கு இழை நொறுங்கியிருக்கும். மந்தமாக ஒலிக்கும் இடம் முழுவதையும் எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது சரிவு. படகின் கனத்தைப் போல் சுமார் 12 மடங்கு அகலத்துக்கு ஓட்டையின் விளிம்பைச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். கனம் 5 மில்லிமீட்டர் என்றால் ஒவ்வொரு பக்கமும் 6 சென்டிமீட்டர். 2 சென்டிமீட்டர் ஓட்டை இப்படித்தான் 14 சென்டிமீட்டர் வட்டமாகிறது. ரெசின் புதிதாக ஒட்டுவதற்குப் பரப்பு வேண்டும். செங்குத்தான விளிம்பில் அந்தப் பரப்பு கிடைக்காது.

பெரும்பாலான பழுதுகள் கெடுவது ஈரத்தால்தான். கடல் தண்ணீர் இழைகளுக்கு இடையே ஊறிப்போயிருக்கும். மேலே துடைத்தால் காய்ந்தது போல் தெரியும். முதலில் நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவுங்கள், பிறகு வெயிலில் காயவிடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. பாலித்தீன் தாளை அந்த இடத்தின் மேல் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி வெயிலில் விடுங்கள். தாளின் உட்புறம் வியர்த்தால் இன்னும் காயவில்லை. இப்படிக் காயவிட எல்லோருக்கும் நேரம் கிடைப்பதில்லை. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு ஓய்வு தருகிறது. நாட்டுப்படகுக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை, அதனால் ஓய்வும் இல்லை. இன்று அடைத்து நாளை கடலுக்குப் போக வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு. அது புரிகிறது. ஆனாலும் ஈரத்தின் மேல் ஒட்டினால் அதே வேலைக்கு மறுபடி செலவு செய்ய வேண்டிவரும்.

ஓட்டை ஊடுருவியிருந்தால் உட்புறமாக ஒரு பிளைவுட் துண்டைப் பாலித்தீன் சுற்றி அணை கொடுங்கள். பாலித்தீனில் ரெசின் ஒட்டாது. பிறகு சுலபமாகக் கழன்று வரும். அதன் மேல் ரெசின் தடவிக் கண்ணாடி இழை மேட்டை அடுக்க வேண்டும். 450 கிராம் மேட் ஒரு அடுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனம் தரும். எனவே 5 மில்லிமீட்டருக்கு ஐந்து அடுக்கு. சின்னத் துண்டை முதலில் வைப்பதா, பெரிய துண்டையா என்று மேஸ்திரிகளுக்குள் தகராறு உண்டு. நான் பெரியதை முதலில் வைப்பவர்கள் பக்கம். சரிவு முழுவதையும் ஒரே துண்டு பிடித்துக்கொள்ளும். கடைசியில் உப்புத்தாள் போடும்போது அந்த முதல் துண்டு அறுபடாது. ஒவ்வொரு அடுக்கிலும் வெள்ளை மறைந்து மேட் கண்ணாடி போல் தெளியும்வரை ரோலர் உருட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஐந்தையும் ஒரே மூச்சில் போட்டால் சூடேறும். மூன்று போட்டு, ஆறவிட்டு, மீதி இரண்டைப் போடலாம்.

ரெசினை இறுக வைக்கும் கெட்டலிஸ்டை மூடியில் அளந்து ஊற்றும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை விட வேண்டும். ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம்தான் அதன் அளவு. 200 கிராம் ரெசினுக்கு 3 மில்லி போதும். ஊசி போடும் சிரிஞ்சால் அளக்கலாம். கூடினால் சீக்கிரம் இறுகி நொறுங்கும் தன்மை வரும். குறைந்தால் உள்ளே வேகாமல் பிசுபிசுக்கும். நம் ஊர் வெயிலில் நிறையக் கலந்தால் டப்பாவிலேயே புகைந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, நிழலில், பனி காய்ந்த பிறகு வேலை செய்யுங்கள். முடித்தபின் ஒரு நாளாவது தொடக் கூடாது.

மிதவை அறையில் விழும் ஓட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் காப்பது தெர்மகோல் அடைத்த அந்த மூடிய அறைதான். அதில் விழும் ஓட்டை கண்ணில் படாது. படகு கனக்கிறதே என்றுதான் முதலில் தெரியும். அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் அடைக்க வேண்டும். ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மகோலைக் கரைத்துவிடும் என்பதால் நடுவே தடுப்பு வைக்காமல் ரெசின் ஊற்றக் கூடாது.

படகைப் பற்றிச் சொன்ன அதே அக்கறையோடு வேலை செய்பவரைப் பற்றியும் சொல்கிறேன். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு கண்ணாடித் தூசியில் நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. துண்டு அந்தத் தூசியைத் தடுக்காது. கிரைண்டர் பிடித்தால் தூசிக்கான முகமூடியும் கண்ணை மூடும் கண்ணாடியும் வேண்டும். படகுச் சொந்தக்காரர்களே, கூலியோடு அவற்றையும் வாங்கிக் கொடுங்கள். ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும் கெட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று கலந்தால் வெடிக்கும். இரண்டு பாட்டிலையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். கெட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம். வேலை தொடங்கும் முன் பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் வையுங்கள். தெறித்துவிட்டால் உடனே கண்ணைத் திறந்து பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். அதன்பின் நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள்.