கித்தா மரம் இலை கொட்டும்போது படிக்க ஒரு துப்பறியும் கதை

செப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால் போதும், ஆங்கிலப் புத்தக உலகில் ஒரே மாதிரியான படங்கள் வரத் தொடங்கிவிடும். சிவந்த இலைகள், ஆவி பறக்கும் தேநீர், மடியில் ஒரு கம்பளி, கம்பளியின் மேல் ஒரு கொலைக் கதை. இலையுதிர் காலத்தில் படிக்க ஏற்ற நூல்கள் என்று பட்டியலும் போடுவார்கள். மம்பாவில் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து கைப்பேசியில் இதைப் பார்ப்பவருக்கு இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. கொலைக்கும் கம்பளிக்கும் என்ன சம்பந்தம்? இலையுதிர் காலமே இல்லாத நமக்கு இதில் என்ன இருக்கிறது?

முதல் கேள்விக்கான பதில் எளிது. இந்த வகைக் கதைகளுக்கு ஆங்கிலத்தில் 'கோஸி மிஸ்டரி' என்று பெயர். இதமான மர்மக் கதை என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். கதையில் கொலை உண்டு, ஆனால் இரத்தம் தெறிக்காது. பிணத்தைப் பார்ப்போம், குத்துவதைப் பார்க்க மாட்டோம். துப்பறிபவர் பெரும்பாலும் போலீஸ்காரராக இருக்க மாட்டார். ஒரு பாட்டி, ஒரு கடைக்காரி, ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று அக்கம்பக்கத்து ஆளாகத்தான் இருப்பார். களம் சிறிய ஊர், அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். வாசகர் தானே கண்டுபிடிக்கும் அளவுக்குத் தடயங்கள் கதைக்குள்ளேயே சிதறிக் கிடக்கும். கடைசியில் குற்றவாளி பிடிபடுவார், ஊர் பழைய நிலைக்குத் திரும்பும்.

இதன் தாய்வீடு இங்கிலாந்து. முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்து நஞ்சுகளைப் பற்றி நன்றாக அறிந்துகொண்ட அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் 1920இல் வெளிவந்தது. 1930இல் மிஸ் மார்ப்பிள் என்ற கிழவியை வைத்து அவர் எழுதிய முதல் நாவல் வந்தது. செயின்ட் மேரி மீட் என்ற கற்பனைக் கிராமத்தில் பின்னல் வேலை செய்துகொண்டு, சன்னல் வழியாகத் தெருவைக் கவனிக்கும் பாட்டி அவர். போரில் இலட்சக்கணக்கானோரைப் பறிகொடுத்த ஒரு நாடு, கொலையைப் பற்றிப் படித்து ஆறுதல் தேடியது வேடிக்கைதான். ஆனால் காரணம் இருக்கிறது. போர்க்களச் சாவுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை. கதையில் நடக்கும் ஒரு சாவுக்குக் கடைசிப் பக்கத்தில் கணக்கு கிடைத்துவிடும்.

இலையுதிர் காலம் ஏன் என்றால், அக்டோபர் கடைசியில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைப்பார்கள். அதன் பிறகு மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வெளியே போக முடியாது, குளிர் வேறு. பதிப்பாளர்களுக்கும் கணக்கு உண்டு. கிறிஸ்துமஸ் விற்பனையை நம்பி அந்த மாதங்களில்தான் நூல்களைக் கொண்டுவருவார்கள். கிறிஸ்டியின் புதிய நாவலைக் கிறிஸ்துமஸ் பரிசு என்றே பல ஆண்டுகள் விளம்பரப்படுத்தி விற்றார்கள். ஆக, பருவகால வாசிப்பு என்பதில் பாதி வானிலை, பாதி வியாபாரம்.

இனி இரண்டாவது கேள்வி. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் வழியில் இருக்கும் மம்பாவில் பகல் நேரம் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அரை மணி நேர வித்தியாசம்கூட இல்லை. ஆனாலும் நமக்கு இலையுதிர் காலமே கிடையாது என்று தோட்டத்துப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். கித்தாக் காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

ரப்பர் மரம் அமேசான் காட்டிலிருந்து வந்தது. 1877இல் சிங்கப்பூர் வழியாக இங்கு வந்து சேர்ந்த நாற்றுகள், வறண்ட பருவத்தில் இலையை உதிர்க்கும் தாய்நாட்டுப் பழக்கத்தை மட்டும் விடவில்லை. மேற்குக் கரையில் சனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே மழை குறையும் நாள்களில் இலைகள் மஞ்சளாகும், செம்பாகும், பிறகு மொத்தமாகக் கொட்டும். மழை நன்றாக ஓயும் வட்டாரங்களில் மரம் முழு மொட்டையாகவே நிற்கும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் முழங்கால் வரை சருகு கிடந்த நிரைகளை மறந்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்துப் படங்களில் வரும் அதே காட்சிதான், வெயில் மட்டும் கூடுதல்.

கம்பளிக்குப் பதில் அங்கே வேறொன்று இருந்தது. புதுத் தளிர் விட மரம் தன் சேமிப்பையெல்லாம் செலவழிக்கும், எனவே பால் குறையும். பால் குறைந்தால் கூலி குறையும். மழைக்காலமும் இப்படித்தான். பட்டை ஈரமாக இருந்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு மழை வந்தாலோ மங்குகளில் தண்ணீர் நிறைந்து பால் வீணாகும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை வழக்கம். வேலை இல்லை என்றால் சம்பளம் இல்லை என்ற முறை நெடுங்காலம் நடந்தது. மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்ததன் காரணமும் இதுதான். ஆகவே லயத்து வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்தபடி புத்தகம் படித்த மனிதருக்கு அது சுகமான ஓய்வு மட்டும் அன்று. அன்றைய கூலியை இழந்த நாளும் அதுவே. ஆங்கிலப் பட்டியல்களில் இந்த ஒரு வரி இருக்காது.

அப்படிப்பட்ட நாள்களில் தோட்டத்தில் என்ன படித்தார்கள்? நாளிதழின் ஞாயிறு பதிப்பு, தமிழ்நாட்டிலிருந்து தாமதமாக வந்து சேரும் வார இதழ்கள், கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்த துப்பறியும் நாவல்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பதும் உண்டு.

தமிழில் துப்பறியும் கதைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகிய மூவரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை மக்களிடம் கொண்டு சேர்த்தவர்கள். முதலியார் ஆங்கிலக் கதைகளை எடுத்துத் தமிழ் ஊர்களில் நட்டார். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' கதையில் வரும் துப்பறிவாளர் கோவிந்தன் அன்று வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். வடுவூராரின் 'மேனகா' 1935இல் படமாக வந்தது. அவருடைய திகம்பர சாமியார் 1950இல் திரைக்கு வந்தபோது எம்.என். நம்பியார் பல வேடங்களில் நடித்தார்.

அடுத்து வந்தவர் தமிழ்வாணன். 'கல்கண்டு' இதழின் ஆசிரியர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமே அவருடைய முத்திரை. அவர் படைத்த சங்கர்லால் நாடு நாடாகப் போய்த் துப்பறிவார், இடையிடையே தேநீர் குடிப்பார். வாக்கியங்கள் சிறியவை, சொற்கள் எளியவை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களும் தடங்கல் இல்லாமல் படிக்க முடிந்தது. இலக்கியவாதிகள் சங்கர்லாலைப் பொருட்படுத்தவில்லை. அதனால் சங்கர்லாலுக்கு ஒரு வாசகர்கூடக் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் இவர்களில் யாருடைய கதை 'இதமான மர்மக் கதை' என்ற சட்டைக்குள் அளவாகப் பொருந்தும் என்றால், இவர்கள் யாருமே இல்லை. அந்த இடம் தேவனுக்குத்தான். மகாதேவன் என்ற இயற்பெயர் கொண்ட தேவன் 'ஆனந்த விகட'னில் ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர், 1957இல் 43 வயதில் காலமானார். 1940களில் அவர் எழுதத் தொடங்கிய 'துப்பறியும் சாம்பு' தமிழுக்குக் கிடைத்த தனிச் சொத்து. சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா. அறிவாளி இல்லை என்பது அவருக்கே தெரியும். அவர் தடுக்கி விழுந்தால் விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். உளறினால் அந்த உளறலே உண்மையாகிவிடும். ஊர் முழுக்க அவரை மேதை என்று கொண்டாடும். இன்ஸ்பெக்டர் கோபாலன் வியந்து நிற்பார். மனைவி வேம்புவும் பெருமைப்படுவாள்.

கூர்ந்து பார்த்தால் இது ஆங்கிலத் துப்பறிவாளர்களைத் திருப்பிப் போட்ட வேலை. ஹோம்ஸ் சாம்பலைப் பார்த்துச் சுருட்டின் பெயரைச் சொல்வார். சாம்புவோ எதையும் பார்ப்பதில்லை, அதிர்ஷ்டம் அவரைப் பார்த்துக்கொள்கிறது. மூளையை வணங்கும் ஒரு கதை வகையை எடுத்துக்கொண்டு, வெற்றி பெற்றவர்கள் எல்லாரும் உண்மையிலேயே கெட்டிக்காரர்கள்தானா என்று தேவன் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். தோட்டத்து மேலாளர்களையும் அலுவலக அதிகாரிகளையும் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தக் கேள்வியின் ருசி உடனே புரியும். பயம் இல்லை, இரத்தம் இல்லை, பத்து வயதுப் பிள்ளையோடு சேர்ந்து படிக்கலாம்.

சுஜாதாவின் கணேஷ் 1968இல் 'குமுதம்' இதழில் வந்த 'நைலான் கயிறு' தொடரில் அறிமுகமானார், வசந்த் பிறகு வந்து சேர்ந்தார். இலையுதிர் காலம் என்ற பேச்சு வந்தால் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' நினைவுக்கு வராமல் போகாது. ஓர் எழுத்தை மாற்றி ஒரு பருவத்தையே பயங்கரமாக்கிவிட்ட தலைப்பு அது. நடப்பதெல்லாம் பேயின் வேலையா, விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் மோதிக்கொள்ளும் கதை. தலைப்பைப் பார்த்து இதமாக இருக்கும் என்று நம்பி இரவில் தனியாகப் படிக்க உட்காருவது அவரவர் பொறுப்பு. 1980களிலிருந்து ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் பாக்கெட் நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளை நிரப்பின. வேகம் அதிகம், அவற்றில் பல சற்று முரட்டுத்தனமானவையும்கூட. சிறுவர்களுக்குக் கொடுக்கும் முன் பெரியவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிஸ் மார்ப்பிள் துப்பறியும் முறை மிகச் சாதாரணமானது. சந்தேகத்துக்குரிய ஆளைப் பார்த்ததும் தன் கிராமத்தில் யாருடைய சாயல் அவரிடம் இருக்கிறது என்று யோசிப்பார். மீன்கடைப் பையன் இப்படித்தான் பொய் சொல்வான், அந்த வேலைக்காரப் பெண் இப்படித்தான் கண்ணைத் தாழ்த்துவாள் என்று ஒப்பிட்டே ஆளைப் பிடித்துவிடுவார். தோட்டத்துப் பாட்டிகளுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. விடியற்காலைப் பெரட்டில் யார் வரவில்லை, தண்ணீர்க் குழாயடியில் யாரோடு யார் பேசவில்லை, எந்த வீட்டு விளக்கு நடுச்சாமம் வரை எரிந்தது, திருவிழா வசூல் கணக்கை எழுதும்போது எவர் முகம் மாறியது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஒரே நிரை வீடுகள், ஒரே கோயில், ஒரே கடை, ஒரே கள்ளுக்கடை. செயின்ட் மேரி மீட் கிராமத்தைவிட லயம் ஒன்றும் குறைந்த களம் இல்லை.

இந்த வட்டாரத்திலேயே ஆங்கிலத்தில் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். மலேசியாவில் பிறந்த ஷாமினி ஃபிளிண்ட், சிங்கப்பூர்ச் சீக்கியரான இன்ஸ்பெக்டர் சிங்கைக் கோலாலம்பூருக்கு அனுப்பி 2009இல் தன் தொடரைத் தொடங்கினார். சிங்கப்பூர் எழுத்தாளர் ஒவிடியா யூவின் ஆன்டி லீ, உணவகம் நடத்திக்கொண்டே கொலைகளைக் கண்டுபிடிக்கும் பெரனாக்கான் அம்மாள். இன்ஸ்பெக்டர் சிங் கறிக்கு அலைவதும், ஆன்டி லீயின் சமையலறையில் மணம் வீசுவதும் நம் வாசகர்களுக்கு ஆங்கிலக் கேக்கைவிட நெருக்கமானவை. மம்பாவ், ரந்தாவ் பக்கத்துக் கித்தாக் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்ட நிலையில், பழைய லயத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இருக்கும்போதே தமிழில் யாராவது எழுதினால் படிக்க ஆள் இருக்கும்.

துப்பறியும் கதை பொழுதுபோக்குக் குப்பை என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. பிள்ளைகள் திருக்குறள் படிக்கட்டுமே, இது எதற்கு என்பார்கள். அவர்கள் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு, மட்டமான மர்ம நாவல்களுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. ஆனால் நம் பிள்ளைகளின் நிலையைப் பாருங்கள். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி. படிவம் ஒன்றில் கால் வைத்ததும் எல்லாப் பாடமும் மலாயில் அல்லது ஆங்கிலத்தில். தமிழ் ஒரு தனி வகுப்பாகச் சுருங்கி, எஸ்பிஎம் தேர்வுக்கு எடுப்பதா வேண்டாமா என்ற விவாதமாகிவிடும். அந்த வயதில் தேர்வுக்காக இல்லாமல் தமிழில் இருநூறு பக்கம் படிக்கும் பிள்ளை எத்தனை பேர்? கொலைகாரன் யார் என்று தெரியாமல் தூக்கம் வராது என்பதற்காகவே பக்கத்தைப் புரட்டும் பிள்ளைக்கு, அகராதி இல்லாமலே நூறு புதுச் சொற்கள் பிடிபட்டுவிடும். நீதிக்கதைப் புத்தகத்துக்கு அந்தச் சக்தி பெரும்பாலும் இருப்பதில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: சிறுவர்களோடு சேர்ந்து படிக்க 'துப்பறியும் சாம்பு'. கதைகள் தனித்தனி என்பதால் ஒரு மழை நேரத்துக்கு ஒன்று போதும். நீதிமன்றக் கதை பிடித்தவர்களுக்குத் தேவனின் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்', கொலை வழக்கு ஒன்றைப் பொறுமையாகப் பிரித்துக் காட்டும். பழைய தமிழ் நடையில் ஆர்வம் இருந்தால் வடுவூராரைத் தேடலாம், அவருடைய நாவல்கள் சில இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வாக்கியங்கள் நீளமானவை, முதல் இருபது பக்கம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் படிப்பவர்கள் மார்ப்பிளில் தொடங்கி, நான்கு முதியவர்கள் கூடிக் கொலையை ஆராயும் ரிச்சர்ட் ஆஸ்மனின் 2020 நாவல் 'தர்ஸ்டே மர்டர் கிளப்' வரை வரலாம். கண் மங்கிய தாத்தா பாட்டிக்குப் பிள்ளைகளே சாம்புவை உரக்கப் படித்துக் காட்டலாம். பழைய ஆனந்த விகடன் வாசகராக இருந்தால், பாதிக் கதையிலேயே திருடன் யார் என்று அவர்கள் சொல்லிவிடக்கூடும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.