கருகிய நெகட்டிவ், நியூயார்க் திரை

2015 மே மாதம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’ மீண்டும் திரைக்கு வந்தது. 1955 மே மாதம் அந்தப் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டதும் அங்கேதான். இப்படிப்பட்ட செய்திகளை ‘வெளிநாட்டில் நம் படத்துக்குப் பெருமை’ என்று படித்துக் கடந்துவிடுகிறோம். பெருமை இருக்கட்டும். அப்படியொரு திரையிடலுக்கான முயற்சி நடக்காமல் போயிருந்தால், திரையில் ஓட்டுகிற தரத்தில் அந்தப் படம் இன்று இருந்திருக்குமா?

1992இல் ரேக்குக் கௌரவ ஆஸ்கர் வழங்க இருந்தபோது, விழாவில் காட்டச் சில காட்சிகள் தேடிய ஆஸ்கர் அகாடமிக்கு நல்ல பிரிண்ட் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. அவர் படங்களை மீட்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது அதனால்தான். மூல நெகட்டிவ்கள் லண்டன் ஹெண்டர்சன் ஆய்வகத்துக்குப் போயின. 1993 ஜூலையில் அங்கே தீப்பிடித்தது. கருகிச் சுருங்கிய சுருள்களை எந்த இயந்திரத்திலும் ஓட்ட முடியாது. ஆனாலும் அகாடமி அவற்றைக் குப்பையில் போடாமல் பத்திரப்படுத்தியது. இருபது ஆண்டுகள் கழித்து, பட வெளியீட்டு நிறுவனமான கிரைட்டீரியனின் முயற்சியில், இத்தாலியின் பொலோன்யா நகர வல்லுநர்கள் அந்தச் சுருள்களுக்கு ஈரப்பதம் ஏற்றி வளையச் செய்தார்கள். உருகிய ஒட்டுநாடாவைச் சுரண்டி எடுத்து, சிதைந்த ஓரத் துளைகளைக் கையால் சரிசெய்தார்கள். ‘பதேர் பாஞ்சாலி’யில் சுமார் 40 சதவீதமும் அதன் தொடர்ச்சியான ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்த எரிந்த நெகட்டிவிலிருந்தே மீண்டன. அந்த வரிசையின் மூன்றாவதான ‘அபுர் சன்சார்’ படத்துக்கு அதுவும் வாய்க்கவில்லை. வேறு நாட்டுக் காப்பகங்களில் இருந்த பிரதிகள்தான் கைகொடுத்தன. அவை அங்கே இருந்ததற்குக் காரணம், அந்தப் படம் முன்பே வெளிநாடுகளில் ஓடியிருந்ததுதான்.

நம் கலையை மதிப்பிட அந்நியர் யார் என்று கேட்பவர்கள் உண்டு. ரே படத்தை முதலில் வாழவைத்தவர்கள் கல்கத்தா ரசிகர்களே, மறுக்கவில்லை. ஆனால் ரசிகனின் அன்பு படச்சுருளைக் காப்பாற்றாது; அதற்குக் குளிரூட்டிய அறையும் பணமும் வேண்டும். வெளிநாட்டு விழாக்கள் தங்கள் ரசனைக்கு ஏற்றதை மட்டும் பொறுக்குகின்றன என்ற குறை இன்னும் வலுவானது. ரேயின் யதார்த்தம் அவர்களுக்குப் பிடிபட்ட அளவுக்கு நம் பாட்டும் ஆட்டமும் பிடிபடவில்லை என்பது நெடுங்கால உண்மை. என்றாலும் அது மாறிவருகிறது. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவான உதய் சங்கரின் நாட்டியப் படம் ‘கல்பனா’ 2012இல் கான் விழாவில் புதுப்பொலிவோடு ஓடியது. 2025இல் பொலோன்யா திரைப்பட விழாவில் ‘ஷோலே’ ஓடியது. ஐந்து லட்சம் குஜராத் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு எடுத்த ‘மந்தன்’ 2024இல் கானுக்குப் போனது. அதன் மீட்புப் பணியில் பெரும்பங்கு சென்னை பிரசாத் நிறுவனத்துக்கு உண்டு. ஆக, நம்மிடம் கைத்திறன் இல்லை என்று சொல்ல முடியாது. எந்தப் படத்தை மீட்பது என்ற முடிவையும் அதற்கான செலவையும் நாமே ஏற்றால், தேர்வும் நம்முடையதாகும்.

அந்தத் தேர்வுக்கு எட்டாமல் போனவையும் உண்டு. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’, தமிழ் பேசிய முதல் படமான 1931இன் ‘காளிதாஸ்’ இரண்டுக்கும் இன்று ஒரு பிரிண்ட்கூட இல்லை. கருகிய துண்டாவது கிடைத்திருந்தால் பொலோன்யாவுக்கு அனுப்பியிருக்கலாம்.