மூணு வேலை சொன்னா ஒண்ணுதான் செய்றானா? அடிக்காதீங்க!

"டேய், சட்டையை மாத்து, டிபன் பாக்சைப் பையில வை, பாட்டிகிட்ட குடையை வாங்கிட்டு வா!"

பையன் சட்டையை மாற்றுகிறான். அப்புறம் நடுக்கூடத்தில் நின்று திருதிருவென்று விழிக்கிறான். "சொன்னது காதுல விழலையாடா?" என்று முதுகில் ஒன்று விழுகிறது.

காதில் விழுந்தது. மனதில் நிற்கவில்லை!

மொழி வளர்ச்சியில் குறைபாடு உள்ள பிள்ளைகள் பலருக்கு இந்தத் தொல்லை உண்டு. காது கேட்கும். ஆட்டிசம் போன்ற காரணமும் இருக்காது. ஆனால் பேச்சு வயதுக்கேற்ப வளராது. கூடவே, கேட்ட சொல் தங்காது. வீட்டில் "திமிரு" என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் "மக்கு" என்கிறார்கள். இரண்டும் தப்பு.

30 பேரில் 2 பேர்

இது அபூர்வ நோய் அல்ல. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் பாலர் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்து 1997-ல் கணக்கு வெளியிட்டார்கள். 100-க்கு 7 பேருக்கு இருந்தது. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் 2016-ல் வந்த கணக்கும் ஏறக்குறைய அதேதான். 30 பேர் உள்ள வகுப்பில் 2 பேர். ஆட்டிசம் பற்றி இன்று டீக்கடையில்கூடப் பேசுகிறார்கள். இதைப் பற்றித்தான் பேச்சு மூச்சே இல்லை.

'தொமிலேகரப்பை'

என்ன முழிக்கிறீர்கள்? இந்தச் சொல்லுக்கு அர்த்தமே கிடையாது. ஆனால் இந்த மாதிரி சொல்லை வைத்துத்தான் நிபுணர்கள் சோதிக்கிறார்கள். "நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லு கண்ணா" என்பார்கள். 'நெபு' என்றால் பிள்ளை சொல்லிவிடும். சொல் நீள நீளத் தடுமாறும்.

1990-ல் இங்கிலாந்தில் சூசன் கேதர்கோல், ஆலன் பேட்லி என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்கள் இதைச் செய்தார்கள். பிள்ளைகளுக்கு வயது சுமார் 8. பேச்சு 6 வயதுப் பேச்சு. இந்தச் சோதனையில் கிடைத்ததோ 4 வயதுப் பிள்ளைக்கு உரிய மார்க்! அவர்கள் சோதித்தது ஆறே பிள்ளைகளைத்தான். ஆனால் பின்னால் பல நாடுகளில் சோதித்தபோதும் இதே தடுமாற்றம் தெரிந்தது.

போன் நம்பரைக் கேட்டுவிட்டுப் பேனா தேடும்போது வாய்க்குள் முணுமுணுக்கிறோமே, அந்த ஞாபகம்தான் இங்கே பலவீனம். அர்த்தமில்லாத சொல்லை மறந்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். முதன்முதலாகக் கேட்கும்போது குழந்தைக்கு எல்லாச் சொல்லும் அர்த்தமில்லாத சொல்தானே! ஒலி நின்றால்தான் அர்த்தம் ஒட்டும். மொழி குறைவதால் ஞாபகம் குறைகிறதா, ஞாபகம் குறைவதால் மொழி குறைகிறதா என்று நிபுணர்களுக்குள்ளேயே தகராறு உண்டு. அது அவர்கள் பாடு.

கண்ணுக்குக் காட்டுங்கள்

காதால் கேட்டதை விடுகிற பிள்ளைகளில் பலர், கண்ணால் பார்த்ததை அவ்வளவு விடுவதில்லை. குடை என்று சொல்லும்போது குடையைக் காட்டுங்கள். ஒரு வேலை முடிந்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள். "இப்ப என்ன செய்யப் போறே?" என்று பிள்ளை வாயாலேயே சொல்ல வையுங்கள். டீச்சர்கள் வீட்டுப்பாடத்தை வாயால் மட்டும் சொல்லாமல் போர்டில் எழுதிப் போடலாம். காசா, பணமா?

"வீட்ல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ், அதான் குழம்புது" என்பார்கள். இரண்டு மொழி கேட்பதால் இந்தக் கோளாறு வராது. வீட்டுப் பேச்சை நிறுத்த வேண்டாம்.

இதற்கு மாத்திரை கிடையாது. ஞாபகசக்தி வளர்க்கும் கம்ப்யூட்டர் விளையாட்டு என்று விற்கிறார்கள். இப்படிப்பட்ட பயிற்சிகளை அலசி 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. பிள்ளை அந்த விளையாட்டில் தேறுகிறது. படிப்பில் தேறுவதில்லை. பணத்தைக் கொட்டுமுன் யோசியுங்கள்.

எங்கே போவது?

முதலில் காதுச் சோதனை. பிறகு பேச்சுப் பயிற்சி நிபுணர். 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் 'ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியகிரம்' திட்டத்தில் மொழி வளர்ச்சித் தாமதமும் சேர்ந்திருக்கிறது. 18 வயது வரை இலவசம். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் கேட்டால், மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்.

போகும்போது "பையன் மறதிக்காரன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை வயதில் பேச ஆரம்பித்தான், இப்போது எப்படிப் பேசுகிறான், எத்தனை வேலை சொன்னால் எத்தனை செய்கிறான் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.