மூச்சு முட்டுவதைப் பிள்ளையிடம் கேட்பது எப்படி?

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் பேசுவது வேறு வேறு மொழி. செர்லாய் பக்கம் கொங்கணி, குஜராத்தி ரோட்டில் குஜராத்தி, கொஞ்சம் தள்ளி வேலி என்ற பகுதியில் தோபிக்கானா என்னும் சலவைக்கூடத்தை நம்பி வாழும் குடும்பங்களில் தமிழ். பள்ளிக்கூடப் பாடம் பெரும்பாலும் மலையாளத்தில். இந்தப் பிள்ளைகளிடம் உடல்நலக் கேள்வித்தாளை நீட்டினால் என்ன பதில் வரும்?

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் (ஆர்.பி.எஸ்.கே.) பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதிக்கிறது. சொத்தைப் பல்லைக் கண்ணால் பார்த்துவிடலாம். ராத்திரி மூச்சு முட்டுவதைக் கேட்டால்தான் தெரியும்.

இந்தச் சிக்கலை முன்பே சந்தித்தது, 'ஐசாக்' என்ற பன்னாட்டுக் குழந்தைகள் ஆஸ்துமா ஆய்வு. 56 நாடுகளின் 155 மையங்களில் 13, 14 வயதுப் பிள்ளைகள் 4,63,801 பேரிடம் கேட்டார்கள். முடிவுகள் 1998-இல் வெளிவந்தன. பக்கத்துக் கோட்டயமும் அந்த மையங்களில் ஒன்று. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்காகப் பெற்றோர்தான் படிவத்தை நிரப்பினார்கள். நெஞ்சில் விசில் சத்தம் வருவதை ஊருக்கு ஊர் ஒவ்வொரு விதமாகச் சொல்வதால், எழுத்துக் கேள்வியோடு ஒரு வீடியோவும் தயாரித்தார்கள். இழுப்பு வந்து திணறும் பிள்ளையைத் திரையில் காட்டிவிட்டு, 'உன் மூச்சு எப்போதாவது இப்படி இருந்ததா?' என்பதுதான் கேள்வி. என் கணக்கில் மட்டாஞ்சேரிக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது.

மொழியைத் தாண்டினாலும் வேலை முடியாது. 'கடந்த 12 மாதங்களில்' என்பது எட்டு வயதுப் பிள்ளைக்குப் பிடிபடாத காலம். 'ஓண லீவுக்கு அப்புறம்' என்றால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். 'காய்ச்சலோ இருமலோ இருந்ததா' என்று இரண்டை ஒன்றாகக் கேட்டால், 'ஆமா' எதற்கு என்று யாருக்கும் தெரியாது. டீச்சர் பக்கத்தில் நின்றால் நல்ல பிள்ளையின் பதில்தான் வரும், அது வேறு கதை.

முகப் படம் போட்டால் போதும் என்பாரும் உண்டு. 1980-களில் அமெரிக்காவில் உருவான வோங்-பேக்கர் வலி அளவுகோலில் ஆறு முகங்கள். முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் அழும். வலித்தாலும் அழாத பையன் கடைசி முகத்தைத் தொடத் தயங்கலாம். 2001-இல் வந்த 'திருத்திய முக வலி அளவுகோல்' என்ற வேறொன்றில் சிரிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை.

பிள்ளைகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் 'பெட்ஸ்கியூஎல்' 5 முதல் 7 வயதுக்காரர்களுக்கு மூன்றே முகங்கள் வைத்திருக்கிறது. கேள்விகளைப் பெரியவர் வாசிக்க வேண்டும். அதிலும் முதலில் ஒரு பயிற்சிக் கேள்வி: 'விரல் சொடுக்குவது உனக்குக் கஷ்டமா?' பிள்ளை ஒரு முகத்தைத் தொட்டதும், 'எங்கே, சொடுக்கிக் காட்டு' என்கிறார்கள். சொடுக்கும் பதிலும் ஒத்துப்போன பிறகே உடல்நலக் கேள்விகள் ஆரம்பம்.