இரட்டைக்கிளவியும் புற்றுநோயும்

‘சலசல’ என்பதைப் பிரித்து, ‘சல’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். பொருள் இல்லை. இரட்டித்து நின்றால் பொருள் தரும், பிரித்தால் தராது. இலக்கணம் இதனை இரட்டைக்கிளவி என்கிறது. நம் உடலுக்குள்ளும் இப்படி ஒரு வழக்கு உண்டு.

உடலின் ஒவ்வொரு கலத்தையும் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. தோலிலும் வாயின் உட்புறத்திலும் உள்ள கலங்களின் சவ்வில், பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாக நிற்கும் புரதம் ஒன்று உண்டு. ‘வளர்க’ என்ற செய்தியோடு வரும் வளர்ச்சிக் காரணியைப் பற்றிக்கொள்வதால் அதற்கு வாங்கி என்று பெயர். அக்காரணியைக் கண்டறிந்த ஸ்டான்லி கோஹன் 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தனித்து நிற்கும் வாங்கி, தன் கையை மடக்கி வைத்திருக்கும். காரணி வந்து சேர்ந்ததும் அதை நீட்டும். பக்கத்து வாங்கியும் நீட்ட, இரண்டும் கோத்துக்கொள்ளும். அதன் பின்னரே ‘பெருகு’ என்ற கட்டளை கலத்தினுள் செல்லும். ஒரு கை தட்டினால் ஓசை எழாது. கலம் கண்டபடி பெருகாமல் காக்கும் கட்டுப்பாடு இது.

சவ்வின் உட்புறத்தில் நடப்பதைக் காட்டியவர் ஜோன் குரியன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று பின்னர் அமெரிக்கா சென்றவர். 2006இல் அவரது குழு வெளியிட்ட ஆய்வு, தமிழாசிரியனான என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. உள்ளே இவ்விரு புரதங்களும் சரிநிகராக நிற்பதில்லை. ஒன்றன் உட்பகுதியின் ஈறு, மற்றதன் உட்பகுதியின் முதலை அழுத்துகிறது. அழுத்தப்பட்டது விழித்து வேலையைத் தொடங்குகிறது. நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் சந்திக்கும் புணர்ச்சியைத்தானே நாம் வகுப்பில் படிப்பிக்கிறோம்!

புற்றுநோயில் இந்த ஒழுங்கு குலைகிறது. வாங்கிகள் அளவுக்கு மிஞ்சிப் பெருகி நெருக்கியடிக்கும்போது, செய்தி வராமலே சோடி சேர்ந்து ஓயாமல் கட்டளையிடும். வாய்ப் புற்றுநோய்க் கலங்கள் பலவற்றில் இவ்வாங்கி மிகையாகவே காணப்படுகிறது.

இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். மலையகத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை போடுகிறோம். “புகையிலை இல்லை, வெறும் பாக்குத்தானே” என்று ஆறுதலும் சொல்லிக்கொள்கிறோம். பாக்குத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்க வல்லது என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்துவிட்டது.

மருந்தும் உண்டு. கியூபா விஞ்ஞானிகள் உருவாக்கிய பிறபொருளெதிரி ஒன்றைப் பெங்களூர் பயோகொன் நிறுவனம் 2006இல் தலை, கழுத்துப் புற்றுநோய்க்காக இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. அது வாங்கியின் வெளிப்பகுதியில் ஒட்டிக்கொண்டு வளர்ச்சிக் காரணியை அண்டவிடாமல் தடுக்கிறது. ஆனால் முற்றிய நோயை இத்தகைய மருந்தால் மட்டும் வெல்வது அரிது. ஆரம்பத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.

ஆகவே வெற்றிலைப் பையைக் கைவிடுங்கள். வாயில் இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறக்க இறுக்கம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும், வலி இல்லையே என்று இருந்துவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.